மூட்டைக்காரியின் தடம்

அய்யாவு உள்ளங்கையின் அடியை ஈர மண்ணில் அழுத்தினான். அதற்கு முன்னால் பெருவிரலால் மூன்று குழி. கையை எடுத்துப் பார்த்தான். நடுக்குழி கொஞ்சம் கூராக விழுந்திருந்தது. அதை மழுக்கிவிட்டு, முக்கால் கஜம் தள்ளி மண்டியிட்டு அடுத்ததை அழுத்தினான். வேலியிலிருந்து மரவள்ளிப் பாத்தி வரைக்கும் எட்டுத் தடம், பாத்தியிலிருந்து ஜன்னலுக்கு நேராக நாலு, திரும்பிப் போவதற்கு ஐந்து. ஊருக்கெல்லாம் துணி துவைத்த முட்டி, மண்டியிட்டு எழும்போதெல்லாம் கிறீச்சிட்டது.

கிழக்கே வெளுக்க ஆரம்பித்திருந்தது. ரயில்வே கொட்டகைப் பக்கம் ஒரு இன்ஜின் இருமிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இராஜம்மா விழித்துக்கொண்டு, "ஏங்க, ஜன்னலத் தெறங்க" என்பாள். அதற்குள் முடிக்க வேண்டும். முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, அடுப்பில் கோப்பிக்குத் தண்ணீர் வைத்தவன் மாதிரி நிற்க வேண்டும்.

பத்து நாளாக இதுதான் அவன் காலை வேலை. சாயங்கால மழை தினமும் எல்லாவற்றையும் கரைத்துவிடும். விடிவதற்குள் புதிதாகப் போட்டாக வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகளின் லய வீடுகள் முடிகிற இடத்தில், ஆற்றை ஒட்டி, அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட பலகை வீடு அவர்களுடையது. முன்னால் வெள்ளாவிப் பானையும் துணிக்கொடிகளும். பின்னால் இராஜம்மா போட்ட தோட்டம். தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளைக்காரர்கள் மண் வெட்டி எடுத்துவிட்டுப்போன குழிகள். அவற்றில் தண்ணீர் தேங்கி, சுற்றிலும் பெலுக்கார் புதர் மண்டிக் கிடந்தது. அங்கிருந்துதான் அது வந்தது.

முதல் தடவை அது வந்த அன்றைக்கு அய்யாவு செய்த காரியத்தை இராஜம்மா நாலு மாதமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பொழுது சாய்கிற நேரம். தோட்டத்தில் எருமைக்கன்று அளவுக்கு ஒரு கறுப்பு மிருகம் நிற்கிறது. முதுகிலிருந்து பின்பக்கம் வரைக்கும் வெள்ளை வெளேரென்று ஒரு துணி. அய்யாவுக்கு உயிர் போய்விட்டது. ஸ்டேஷன் துரை வீட்டுப் படுக்கை விரிப்புகளை அன்றைக்குத்தான் வெளுத்துக் காயப்போட்டிருந்தான். "ஏய்! துரை வீட்டுத் துணிடா!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தான். அது திரும்பிப் பார்த்தது. தும்பிக்கையாக வளரப்போய்ப் பாதியில் நின்றுவிட்ட மூக்கு. இரண்டு பேரில் யார் அதிகம் பயந்தது என்று சொல்ல முடியாது. அது வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓட, அய்யாவு குழித்தண்ணீர் வரைக்கும் விரட்டிப்போய், இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு, வெளுப்பு அதன் தோலோடு பிறந்தது என்பதைத் தெரிந்துகொண்டான். விரிப்புகள் கொடியிலேயே இருந்தன.

புல் வெட்ட வரும் மலாய்க்காரர் அதற்குத் தெனுக் என்று பெயர் சொன்னார். இராஜம்மாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. முதுகில் வெளுப்பு மூட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறவளுக்கு மூட்டைக்காரி என்று பெயர் வைத்தாள். நாலாம் நாள் மூட்டைக்காரி குட்டியோடு வந்தது. குட்டிக்குத் தாயின் நிறமே இல்லை. பழுப்பு உடம்பில் நீளநீளமாக வெள்ளைக் கோடு, இடையிடையே புள்ளி. மலிவு விலைச் சீட்டித் துணியில் தைத்த மாதிரி இருந்தது. அதற்குப் பெயர் சீட்டி. வாரத்துக்கு வாரம் அதன் கோடுகள் மங்கிக்கொண்டு வந்தன.

"சாயம் போவுது பாரு. மட்டமான சீட்டி" என்பான் அய்யாவு.

"ஒங்க கண்ணு மட்டம். ஆத்தா வெளுத்துக் கொண்டாறா, குத்தம் சொல்ல வந்துட்டீங்க" என்பாள் அவள்.

தினமும் அந்தியில் மரவள்ளித் தழையும் அவிந்த கிழங்குமாக வேலி ஓரத்தில் வைத்தாள். ஒன்றும் வைக்காவிட்டாலும் அவை கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டுத்தான் போயின. அதையும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பிள்ளை பெற்று இரண்டையும் நடக்கும் முன்பே மண்ணுக்குக் கொடுத்தவள். தாய் தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் மோந்து பார்த்த பிறகே குட்டி வேலிக்குள் வரும். அந்த நேரத்தில் இராஜம்மா மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள்.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் கண்டது. விட்டு விட்டு வந்து, விடாமல் வந்து, கொய்னா மாத்திரையைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தும் இறங்காமல், கடைசியில் ஆஸ்பத்திரியிலேயே வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். பின்பக்கச் சுவர் ஓரமாகக் கட்டிலைப் போட்டான். ஜன்னல் பலகையைத் தூக்கினால் தோட்டம் தெரியும்.

பத்து நாளைக்கு முன்பு, உச்சிப்பொழுதில், குழிப்பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. இரண்டு தடவை. வேட்டைக்கு வந்த எவனோ ஒரு துரை. ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலாயுதம் வந்து, மூட்டைக்காரியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைத் தன் கண்ணால் பார்த்ததாக வாசலிலேயே நிறுத்திச் சொன்னான். குட்டி வண்டியில் இல்லை. அய்யாவு இரண்டு நாள் குழிகளைச் சுற்றித் தேடினான். அதைக் காணவில்லை.

"என்னங்க சத்தம் அது?" என்று இராஜம்மா அன்றைக்குக் கேட்டாள்.

"ரயில்வேல கல்லு ஒடைக்க வெடி வக்கிறாங்க."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அய்யாவுக்கு அவள் பிழைக்கமாட்டாள் என்பது தெரியும். அதற்குத் தன்னால் ஆவது ஒன்றுமில்லை. மூட்டைக்காரி செத்த சேதி அவள் காதில் விழாமல் அவளை அனுப்பிவைக்க வேண்டும், அது ஒன்றுதான் தன் கையில் இருக்கிறது என்று நினைத்தான். அந்தி நேரத்தில் மருந்தைக் கொடுத்து அவளைத் தூங்கவைத்துவிடுவான். காலையில் தடத்தைக் காட்டுவான்.

முதல் நாள் தடத்தை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, "வந்துட்டுப் போயிருக்கு" என்றாள். அவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்த சந்தோஷம். மறுநாள் சொன்னாள்: "மூட்டைக்காரிக்கு நகம் வளந்துபோச்சு போலிருக்கே." அன்று மத்தியானமே பெருவிரல் நகத்தை ஒட்ட வெட்டினான். இன்னொரு நாள், "குட்டி என்னமா வரிசையா நடக்குது, பள்ளிக்கொடத்துக்குப் போறாப்புல" என்றாள். அதிலிருந்து குட்டியின் தடங்களைக் கோணலும் மாணலுமாகப் போட்டான். தாய்க்குப் பெருவிரல், குட்டிக்குச் சுண்டு விரல்.

இன்று கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே மைமூன் வந்துவிட்டாள். அடுத்த வீட்டுக்காரி. புருஷன் ஜெய்னுதீன் ஸ்டேஷன் பக்கம் கைலிக்கடை வைத்திருந்தார். அய்யாவு மூட்டையோடு ஆற்றுக்குப் போகிற நேரத்தில் இராஜம்மாவுக்குத் துணையாக உட்காருவது அவள்தான்.

"அக்கா முழிச்சிட்டாங்களாண்ணே?"

"இப்பத்தான்."

ஜன்னல் பலகையைத் தூக்கி முட்டுக் கொடுத்தான். இராஜம்மாவை முதுகில் கைகொடுத்து நிமிர்த்தினான். ஒரு நனைந்த வேட்டி அளவுக்குக்கூடக் கனமில்லை. அவள் தோட்டத்தை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் பார்த்தாள்.

"குட்டியக் காணோமே இன்னிக்கு?"

அய்யாவுக்குத் திக்கென்றது. அவசரத்தில் குட்டிக்குப் போட மறந்துவிட்டான்.

"அது... வந்திருக்கும். ஓரமா வந்திருக்கும். எங்க போவும்?"

"ஆத்தா மட்டும் வந்திருக்கா. குட்டிக்கு என்னாச்சோ."

"ஒண்ணும் ஆயிருக்காது. இரு, நான் பாத்துட்டு வரேன். கீரப்பாத்திக்கு அந்தாண்ட இருக்கும்."

"பாத்துட்டு வாங்க" என்றாள்.

அவளைத் தலையணையில் சாய்த்துவிட்டு, மைமூனைப் பார்த்து ஜன்னலை இறக்கிவிடும்படி ஜாடை காட்டிவிட்டு வெளியே ஓடினான். பலகை இறங்குகிற சத்தம் கேட்டது. கீரைப் பாத்தி ஓரத்தில் மண்டியிட்டு, சுண்டு விரலால் ஒன்று குத்தினான். கோணலாக, தள்ளி, இன்னொன்று. மூன்றாவதற்குக் கையை ஊன்றும்போது உள்ளே மைமூன், "அக்கா! அக்கா!" என்று கூப்பிட்டாள். அப்புறம், "அண்ணே, ஓடியாங்கண்ணே!"

அவன் உள்ளே போனபோது மைமூன் ஒரு கையால் இராஜம்மாவின் தலையைத் தாங்கி, மறு கையால் தம்ளர் தண்ணீரை அவள் உதட்டில் வைத்திருந்தாள். தண்ணீர் கடைவாய் வழியாக வழிந்தது. அய்யாவு அவள் கன்னத்தைத் தட்டினான். கன்னத்தில் மண் ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்கப்போய் இன்னும் மண்ணாயிற்று. தோளில் கிடந்த துண்டால் துடைத்தான். அப்போதுதான் அவள் பார்வை தன்மேல் இல்லை என்பது அவனுக்குப் புரிந்தது.

பத்து மணிக்கெல்லாம் லயத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். வேலாயுதம் வேலைக்கு ஆள் மாற்றிவிட்டு மூங்கில் வெட்டப் போனான். அவன் பெண்சாதி நல்லம்மாள் மற்ற பெண்களோடு இராஜம்மாவைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசினாள். அய்யாவு வெள்ளாவிப் பானைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"அண்ணே, கையக் கழுவிட்டு வாங்க. ஒரே சேறாயிருக்கு" என்றாள் நல்லம்மாள்.

கழுவினான். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை.

துக்கத்துக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அன்றைக்கும் கேட்டார்கள்.

"கடைசித் தண்ணி யாரு ஊத்தினது?"

"மைமூனு."

"நீ எங்கப்பா போயிருந்த? பக்கத்துல இல்லியா?"

"வெளிய இருந்தேன்."

"வெளியவா? அப்படி என்ன வேல ஒனக்கு?"

அதற்கு என்ன பதில் சொல்வது? பொண்டாட்டி உயிர் போகிற நேரத்தில் சுண்டு விரலால் மண்ணைக் குத்திக்கொண்டிருந்தேன் என்றா? அய்யாவு நகக்கண்ணை மறுபடி சுரண்டினான். கேட்டவர் வேறு பக்கம் நகர்ந்தார். பதினெட்டு வருஷம் கூட இருந்துவிட்டு, இருக்க வேண்டிய அந்த ஒரு நிமிஷத்தில் இல்லாமல் போனோமே. அதுவும் ஒரு பொய்க்காக. 'பாத்துட்டு வாங்க' என்று அனுப்பினாளே, திரும்பி வந்து 'இருக்கு' என்று சொல்லக்கூட முடியவில்லை. குட்டிக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலையோடு அல்லவா போயிருப்பாள்?

மூன்று மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். இராஜம்மாவுக்குச் சிவப்புக் கண்டாங்கி கட்டி நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தார்கள். பாடை வாசலைத் தாண்டியதுதான் தாமதம், அய்யாவு தீச்சட்டியை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, கொடியில் கிடந்த வெள்ளை வேட்டிகள் இரண்டை உருவிக்கொண்டு ஓடிப்போய்ப் பாடைக்கு முன்னால் குனிந்து விரித்தான். யோசித்துச் செய்யவில்லை. இந்த வட்டாரத்தில் எந்தத் தமிழன் வீட்டுச் சாவென்றாலும் நடைபாவாடை விரிப்பது அவன்தான். ஒன்றை விரித்து, பாடை அதைத் தாண்டியதும் பின்னாலிருப்பதை எடுத்துக்கொண்டு ஓடி மறுபடி முன்னால் விரிக்க வேண்டும். யார் செத்தார்கள் என்று கை கேட்காது.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். தூக்கியவர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வேலாயுதம் தோள் கொடுத்திருந்தான். தன் இடத்துக்கு இன்னொருவனை இழுத்துவிட்டுவிட்டு முன்னால் வந்தான்.

"குடு அதை."

"இல்லப்பா, நான்..."

"இன்னிக்கு நீ புருசன்யா. புருசனா நட. குடு."

அய்யாவு கொடுக்கவில்லை. வேலாயுதம் அவன் விரல்களைப் பிரித்து வேட்டியை வாங்கினான். பிறகு குனிந்து விரித்தான். பழக்கமில்லாத கை, ஒரு பக்கம் சுருங்கி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்தது. வண்ணான் செய்கிற வேலையை இவன் செய்வதா என்று லயத்துக்காரர்களில் இரண்டொருவர் முகம் சுளித்தார்கள். வேலாயுதம் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஆற்றங்கரை இடுகாடு வரைக்கும் அவனே எடுத்து எடுத்து விரித்துக்கொண்டு போனான். அய்யாவு தீச்சட்டியோடு பின்னால் நடந்தான். தான் விரிக்காத துணிமேல் ஒரு பாடை போவதை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தான்.

புதைத்துவிட்டு, ஆற்றில் முழுகிவிட்டு வந்தபோது மேற்கே கருக்கலிட்டிருந்தது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. கட்டில் இருந்த இடத்தைக் கழுவி நல்லம்மாள் விளக்கேற்றி வைத்திருந்தாள். பெண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மைமூன் தன் வீட்டிலிருந்து கஞ்சியும் கோப்பியும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"குடிங்கண்ணே. காலைலேருந்து ஒண்ணும் எறங்கல."

அவன் கோப்பையைத் தொடவில்லை. மைமூன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். போகிற மாதிரி தெரியவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அக்கா எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாங்க, தான் இருக்கிற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு. இப்பச் சொல்லலாமில்ல?"

அய்யாவு நிமிர்ந்து பார்த்தான்.

"அவுங்களுக்குத் தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"எல்லாம். துப்பாக்கிச் சத்தம் எது, வெடிச் சத்தம் எதுன்னு தெரியாதா? ரயில்வேக்குப் பக்கத்துல இத்தன வருசம் இருந்தவுங்க. அன்னிக்கு நீங்க ஆத்துக்குப் போனதும் ஒரே அழுகை. குட்டி என்ன பண்ணும், குட்டி என்ன பண்ணும்னு. என்னால தேத்த முடியல. மறுநாள் நான் வரேன், அக்கா சிரிச்சிக்கிட்டுக் கெடக்குறாங்க. கட்டிலுக்குப் பக்கத்துல பலகை விட்டுப்போயி ஒரு இடுக்கு இருந்துச்சில்ல? அது வழியா நீங்க மண்ணுல குனிஞ்சி குனிஞ்சி குத்துறதப் பாத்திருக்காங்க."

அய்யாவு சுவரைப் பார்த்தான். இரண்டு பலகைகளுக்கு நடுவே, இரண்டு விரல் அகலத்தில், வெளியே மழை இருட்டு தெரிந்தது.

"அதுக்கு முன்னங்காலுல நாலு வெரலாம், பின்னங்காலுல மூணாம். நீங்க எல்லாக் காலுக்கும் மூணே போட்டீங்களாம். 'ஒரு வீட்டுக்கு ஒரு குறின்னு பழகின மனுசன் மைமூன், வேற என்ன தெரியும்'னு சொல்லிச் சிரிச்சாங்க."

துணிக்குச் சேங்கொட்டையால் குறி போடுவது இராஜம்மாவின் வேலை. நூறு வீட்டு வேட்டி கலந்து கிடந்தாலும் புள்ளியைப் பார்த்துப் பிரித்து அடுக்குகிறவள். அவளிடம் போய்த் தடத்தைக் காட்டியிருக்கிறான். நகம், பள்ளிக்கூடம் என்று அவள் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள்ளேயே அழுகையும் இருந்தது.

"நெசமாச் சொல்லிருக்கலாமே எங்கிட்ட" என்றான்.

"சொன்னா நீங்க நிறுத்திடுவீங்களாம். காலைல கண்ணு முழிக்கிறதே அதுக்குத்தான்னாங்க." மைமூன் முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்குக் குட்டியக் காணோம்னு கேட்டாங்கள்ல? வேணும்னேதான் கேட்டாங்க. நீங்க அந்தாண்ட ஓடினதும், 'என்னைச் சொவுத்துப் பக்கம் திருப்பு மைமூன், குட்டியாட்டம் நடக்கப் போறாரு பாரு'ன்னாங்க. திருப்பிவிட்டேன். பாத்துக்கிட்டே இருந்தாங்க. நீங்க சுண்டு வெரல நீட்டிக்கிட்டு மண்டி போட்டதும் சிரிப்பு வந்துடுச்சி. சத்தம் வரல, தோளு மட்டும் குலுங்குது. நானும் சிரிச்சேன். அப்புறம் பாத்தா நான் மட்டுந்தான் சிரிச்சிக்கிட்டிருக்கேன்."

அய்யாவு தன் சுண்டு விரலைத் திருப்பிப் பார்த்தான்.

"நீங்க பக்கத்துல இல்லியான்னு கேட்டாங்கல்ல காலைல," என்றாள் மைமூன். "நான் பொம்பளைங்க கூட்டத்துல நின்னேன், வாயத் தெறக்க முடியல. நீங்க அவுங்க கண்ணு முன்னாடிதான்ணே இருந்தீங்க."

அவள் எழுந்து போனாள். அய்யாவு கோப்பியை எடுத்தான். ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்தான்.

முதல் துளி அத்தாப்புக் கூரையில் விழுந்தது. தொடர்ந்து நாலைந்து. அய்யாவு சட்டென்று எழுந்தான். கொடியில் கிடந்த துரை வீட்டுத் துணிகளைத் தாண்டி, சுவரில் சாய்த்திருந்த பெரிய தகரத் தொட்டியைத் தூக்கித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு பின்பக்கம் ஓடினான். பாத்தியிலிருந்து ஜன்னல் வரைக்கும் போட்ட தடங்களை அன்றைக்கு வந்தவர்கள் மிதித்துச் சேறாக்கியிருந்தார்கள். கீரைப் பாத்தி ஓரத்துக்கு யாரும் போகவில்லை. சுண்டு விரல் தடம் இரண்டும், கோணலாக, அப்படியே இருந்தன. பக்கத்தில் மூன்றாவதற்கு ஊன்றிய கையின் அச்சு.

தொட்டியை அவற்றின் மேல் மெல்லக் கவிழ்த்தான். மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. அவன் மண்டியிட்டு, இரண்டு கையாலும் மண்ணை வாரி, தண்ணீர் உள்ளே போகாதபடி தொட்டியின் விளிம்பைச் சுற்றி அணை கட்ட ஆரம்பித்தான்.